இடது காலை எங்க வைக்க?

காலையில இருந்து நாலு பேர் பேசிட்டாங்கன்னு உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது. பின்வரிசையில ஒரு சார் கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குதாரு. நல்ல திறமை சார், விட்டுராதீங்க.

நீங்க எல்லாரும் நாளைக்கு அவங்கவங்க கம்பெனியில தொழிலாளிகளுக்கு வகுப்பு எடுக்கப் போறவங்க. அதுக்கு முன்னால, வகுப்புல உக்காந்த ஒருத்தன் கதையைச் சின்னதா சொல்லிடுதேன். அந்த ஒருத்தன் நான்தான். பேரு சுடலைமுத்து. பஸ் டிரைவர். படிப்பு... பத்தாவது வரைக்கும் போனேன். பத்தாவது என்னைத் தாண்டிப் போயிட்டு.

எங்க முதலாளி புதுசா ஆட்டோமேட்டிக் பஸ் வாங்கினாரு. கியர் தானா மாறும். கிளட்ச்சே கிடையாது. சுகம்தானே? நாங்களும் அப்படித்தான் நினைச்சோம்.

சொல்லிக்கொடுக்க மெட்ராஸ்ல இருந்து கௌதம் சார் வந்தாரு. தங்கமான பிள்ளை. திரையில படம் போட்டாரு. பல்சக்கரம் சுத்துது, எண்ணெய் ஓடுது, அம்புக்குறி பறக்குது. "புரிஞ்சுதா?"ன்னு கேட்டாரு. "புரிஞ்சுது சார்!" பள்ளிக்கூடத்துலயும் நான் இதே பதிலைத்தான் சொன்னேன். பலன் உங்களுக்கே தெரியும்.

மறுநாள் ஓட்டிப் பார்க்கச் சொன்னாங்க. எங்க ஆளுங்களே பயணிகளா ஏறிக்கிட்டாங்க. ஸ்டாப் வந்துது. மீசை முளைச்ச காலத்துல இருந்து, ஸ்டாப் வந்தா என் இடது கால் என்ன செய்யும்? என்னைக் கேக்காமலே கிளட்சை மிதிக்கும். அங்க கிளட்ச் எங்க இருக்கு? அகலமா ஒரு பிரேக்குதான் இருக்கு. ஓங்கி மிதிச்சேன் பாருங்க...

பின்னால இருந்தவன் எல்லாம் முன்னால வந்துட்டான்! கண்டக்டர் இசக்கிப்பாண்டி கம்பியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கத்துதான்:

"யோவ் அண்ணாச்சி! பஸ் ஓட்டுதீரா, மாவு சலிக்குதீரா?"

சிரிக்கீங்க. எனக்கு அன்னைக்குச் சிரிப்பு வரல. ஏன்னா சனிக்கிழமை டெஸ்ட். தேறலேன்னா ரோட்டுப் பக்கம் போக முடியாது. ஷெட்டுக்குள்ளேயே வண்டியைக் கழுவ எடுத்து விடணும், திருப்பி நிறுத்தணும். என் மக சுபாஷினி என் பஸ்லதான் காலேஜுக்குப் போறா. என் சீட்டுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, "ஓட்டுறது எங்க அப்பா"ன்னு கூட்டாளிகள்கிட்ட சொல்லுவா. அது போயிரும்லா?

வீட்டுல அவகிட்டதான் புலம்பினேன்.

"ஏன்ப்பா, இடது காலை என்ன செய்யணும்னு வகுப்புல கேட்டீங்களா?"

"எப்படிம்மா கேக்க? இத்தனை வயசுல காலை எங்க வைக்கன்னு கேட்டா சிரிக்க மாட்டானா?"

"மாவு சலிக்கும்போது மட்டும் சிரிக்கலையாக்கும்?"

பெத்தது வாயாடி. என்ன செய்ய?

மறுநாள் கையைத் தூக்கினேன். "சார்... இந்த இடது காலை எங்க வைக்க?"

யாரும் சிரிக்கல. மூணாவது பெஞ்சுல இருந்து ஒருத்தன், "எனக்கும் அதான் சார்." பின்னால ஒருத்தன், "எனக்கும்!" அத்தனை பேருக்கும் அதேதான். அத்தனை படத்துல இடது காலுக்கு மட்டும் ஒரு படம் இல்ல!

கௌதம் சார் என்ன செஞ்சாரு தெரியுமா? கம்ப்யூட்டரை மூடினாரு. "வாங்க, யார்டுக்குப் போவோம்"னாரு. காலி பஸ்ல என்னை உக்கார வச்சு, பக்கத்துல நின்னாரு. "எத்தனை தடவை வேணும்னாலும் தப்பு பண்ணுங்க. உங்க காலை உங்களுக்குத்தான் தெரியும். என்ன செஞ்சா அது சும்மா இருக்கும்?"

யோசிச்சேன். இடது கால் செருப்பை மட்டும் கழட்டி வெளிய விட்டேன். வெறுங்காலை ஓரத்துல ரப்பர் விரிப்பு மேல வச்சேன்; அங்க இருந்து அசைஞ்சா, எஞ்சின் சூட்டுல தரை சுள்ளுன்னு சுடும். சுட்டதும் ஞாபகம் வரும்: தம்பி, உனக்கு இன்னைக்கு லீவு. முதல்ல ரெண்டு மூணு குலுக்கல். அப்புறம் குறைஞ்சுது. அப்புறம்... பஸ் வெண்ணெய் மாதிரி நின்னுச்சு. மத்தவங்களும் அதையே செய்ய, சாயங்காலம் ஷெட் வாசல் பூரா ஒத்தைச் செருப்பு!

சனிக்கிழமை தேறிட்டேன். திங்கட்கிழமை சுபாஷினி பஸ்ல ஏறினா. குனிஞ்சு என் காலைப் பார்த்தா.

"என்னப்பா, இன்னொரு செருப்பு எங்க?"

"அது இன்னும் வகுப்புல இருக்கும்மா."

கூட்டாளிகள் பக்கம் திரும்பி அவ சத்தமா சொன்னா: "ஓட்டுறது எங்க அப்பா."

இதை ஏன் உங்ககிட்ட சொல்லுதேன்? உங்க வகுப்புக்கு வாறவன் சின்னப்பிள்ளை இல்ல. காலிப் பாத்திரமா வரமாட்டான். பழகின காலோட வருவான். அந்தக் கால்தான் அவனுக்கு இத்தனை வருசம் சோறு போட்டுது. அதை மதிக்காம புதுசை மட்டும் சொன்னா, "புரிஞ்சுது சார்"னுதான் சொல்லுவான். ரோட்டுல போய் மிதிப்பான். அதனால முதல்ல அவன் சங்கடத்தைக் கேளுங்க. கையால செய்ய விடுங்க. தப்பு பண்ண ஒரு காலி பஸ் கொடுங்க. வழியை அவனே கண்டுபிடிச்சா, சாகுற வரைக்கும் மறக்கமாட்டான்.

அட... இவ்வளவு நேரமா நான் மட்டும்தானே பேசிக்கிட்டு இருக்கேன்? நானும் படம் போட ஆரம்பிச்சுட்டேன் பாருங்க. இந்தாங்க மைக்கு. பின்வரிசை சார், உங்ககிட்ட இருந்தே ஆரம்பிப்போம்... உங்க ஆளுங்களோட இடது கால் எது?