பிரேக்கின் மேல் இருந்த கால்

முழுப்பெயர்: ஜெசிந்தா மலர் இராஜநாயகம். வயது: 76. நிலை: விதவை. தொழில்: ஓய்வுபெற்ற வரி மதிப்பீட்டாளர். முகவரி: கடற்கரைப் பக்க ஒழுங்கை, மாடிக்குடியிருப்பு, வெள்ளவத்தை, கொழும்பு 06. இச்சம்பவம் தொடர்பாக முன்னர் வாக்குமூலம் அளித்தவரா: ஆம். இது மேலதிக வாக்குமூலம். மொழி: தமிழ்.

நான் மேற்கூறிய முகவரியில் தனியே வசிக்கிறேன். கன்னியர் மடப் பாடசாலையில் படித்தேன். சிங்களமும் ஆங்கிலமும் எழுத வாசிக்கத் தெரியும். ஆகவே, சிங்களத்தில் எழுதப்பட்ட என் முதல் வாக்குமூலம் எனக்கு விளங்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. விளங்கித்தான் ஒப்பமிட்டேன். அதில் நான் பிரேக் என நினைத்து அக்சிலேட்டரை மிதித்துவிட்டேன் என்று ஒரு வசனம் இருக்கிறது. அன்று அது உண்மை என்றே நம்பினேன். அது பொய் என்று இப்போது தெரிந்துகொண்டபடியால், அதைத் திருத்துவதற்கு நானாகவே இப்பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

சம்பந்தப்பட்ட கார் எண்பதுகளில் செய்யப்பட்ட, ஆட்டோ கியர் உள்ள ஜப்பான் கார். என் பெயரில் பதியப்பட்டது. கணவர் காலமானபின் அதை நானே ஓட்டிவருகிறேன். கிழமைதோறும் கொட்டாஞ்சேனைக்குப் போய், படுக்கையில் இருக்கும் என் தங்கையைக் குளிப்பாட்டித் தலைவாரி விட்டு வருவேன். இதற்கு முன் என் பெயரில் வீதி விபத்து எதுவும் இல்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்துக்குப் பின் கார் ஒரு குணம் காட்டத் தொடங்கியது. பெடலில் இருந்து காலை எடுத்த பின்னும் சில வேளைகளில் என்ஜினின் இரைச்சல் தணியாது. அந்நேரம் கியரைப் போட்டால் கார் உதறிக்கொண்டு பாயும். இதை என் ஒரே மகன் அன்ரன் கிருபாகரனிடம் சொன்னேன். அவர் தெஹிவளையில் குடும்பத்துடன் இருக்கிறார். அவர் என்னையும் காரையும் கொம்பனித்தெருவில் ஸவாஹிர் என்பவரின் கராஜுக்கு அழைத்துப் போனார். ஸவாஹிர் காரை ஒழுங்கையில் ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிட்டு என் மகனிடம், "கியர்பொக்ஸ்தான், மகன், உதறுது. பழசுதானே, ஒயில மாத்திப் பாப்பம்" என்றார். நான், "நியூட்ரலில நிக்கேக்கையும் இரையுதே, அப்ப கியர்பொக்ஸ் எப்பிடிக் காரணமாகும்?" என்று கேட்டேன். அதற்கு அவர் மகனைப் பார்த்துச் சிரித்து, "அம்மா நல்லாத்தான் கேக்கிறாங்க" என்றார். பின்னர் மகனிடமே ஒயில் விலையைப் பேசினார். அந்தக் கராஜில் வாகனம் யாருடையதாக இருந்தாலும் பேச்சு ஆண்களோடுதான்.

ஒயில் மாற்றிய பின்னும் கோளாறு தீரவில்லை. அதன் பின்னர் நானே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலில் காலடி விரிப்பை எடுத்துவிட்டு ஓட்டினேன். அதன் பின்னர் ஏசியை நிறுத்திவிட்டு ஓட்டினேன். அதன் பின்னர் வேறு செருப்புப் போட்டு ஓட்டினேன். இரைச்சல் சமதரையில் மெதுவாக ஓடும்போது ஒருபோதும் வருவதில்லை என்பதைக் கவனித்தேன். தெஹிவளை மேம்பாலத்தில் ஏறும்போது வந்தது. எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் காரைத் திருப்ப இடமில்லாதபடியால் சரிவில் பின்பக்கமாகவே ஏறி ஒழுங்கைக்கு வரவேண்டும். அப்போதும் வந்தது. இரண்டு இடத்திலும் பெடலைப் பாதிக்கு மேல் மிதிக்க வேண்டும். ஆகவே கோளாறு கியரில் இல்லை, அழுத்திய பெடல் திரும்பி வரும் வழியில் எங்கோ பிடிக்கிறது என்ற முடிவுக்கு வந்து, மகனிடம் சொல்லி, காரைச் சரிவில் ஏற்றிப் பார்க்கும்படி கராஜுக்கு அனுப்பினேன்.

சில நாட்களின் பின் மகன் காரைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார். "நீங்கள் சொன்னது சரியம்மா. அக்சிலேட்டர் கேபிள்தான். புதுசு போட்டாச்சு" என்றார். அன்று நான் அவருக்கு மீன் பொரித்துச் சோறு கொடுத்தேன்.

அடுத்த கிழமையே சரிவில் கார் முன்போலவே இரைந்தது. மகனுக்கு அறிவித்தேன். அவர், "புதுக் கேபிள் போட்டும் அப்பிடியெண்டால் அது காரில்லை அம்மா. உங்கட கால். பிரேக் எண்டு நினைச்சு மற்றதை மிதிக்கிறீங்கள். எழுபத்தாறு வயசில இது வராதோ?" என்று சொன்னார். கேபிள் புதியது என்றால் மிஞ்சுவது என் கால்தான். கணக்கில் எனக்குப் பிழை தெரியவில்லை. அதன் பின்னர் சமையலறைத் தரையில் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்து, கதிரையில் இருந்து, கண்ணை மூடிக்கொண்டு வலது காலை ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றிப் பழகினேன். கால் ஒருதரமும் பிழைக்கவில்லை. ஆயினும் மனம் அமையாமல், மகனுக்குச் சொல்லாமல் ஒரு நரம்பு வைத்தியரிடம் போனேன். அவர் என் பாதத்தில் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். அதையும் நான் முழுதாக நம்பவில்லை.

சம்பவ தினம் காலை தங்கையிடம் போவதற்காகக் காரை எடுத்தேன். கட்டடக் காவலாளி பழனிமுத்து வழமைபோல் சரிவின் மேலே, காருக்குப் பின்னால் நின்று, "வாங்கம்மா, வாங்க, வரலாம்" என்று கை காட்டினார். மேலே ஏறியதும் பெடலில் இருந்து காலை எடுத்தேன். என்ஜின் தணியவில்லை. காலைப் பிரேக்கில் வைத்து மிதித்தேன். பிரேக் பெடல் கல்லைப்போல் இறுகியிருந்தது. கார் பின்னோக்கிப் போய்ப் பழனிமுத்துவை மதிலோடு சேர்த்து மோதிய பின்னரே, சாவியைத் திருகி என்ஜினை நிறுத்தினேன். அவருக்கு வலது கால் எலும்பு முறிந்தது. அவரைக் களுபோவில வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள்.

அதன் பின்னர் மகன் வந்தார். நான் பேசத் தொடங்குமுன், நான் பெடல் மாறி மிதித்ததாக அவரே சிங்களத்தில் பொலிஸ் உத்தியோகத்தருக்குச் சொன்னார். "ஒப்பத்தை வையுங்கோ அம்மா. வயசுக்குப் பாத்து விட்டிடுவாங்கள்" என்று என்னிடம் சொன்னார். மிதித்த பெடல் இறங்காததும் கால் மாறியதால்தான் என்று எண்ணி நான் வைத்தேன்.

மறுகிழமை பழனிமுத்துவைப் பார்க்க வைத்தியசாலைக்குப் போனேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், "கால்ல இரும்பு வச்சிருக்காங்கம்மா. இனி மழை வர்றது வானொலிக்கு முந்தி எனக்குத் தெரியும்" என்று சிரித்தார். அதன் பின்னர், "ஆனா ஏங்கம்மா உங்க மேலயே பழியப் போட்டுக்கிட்டீங்க? வண்டி என்னைய வந்து இடிக்கிற வரைக்கும் பின்னுக்குச் செவப்பு லைட்டு எரிஞ்சிக்கிட்டே இருந்துச்சு. நான் அதத்தானே பாத்துக்கிட்டு நின்னேன்" என்றார். பிரேக்கில் கால் இருந்தாலன்றி அந்த விளக்கு எரியாது. நான் அதை இன்னொருதரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

அதன் பின்னர் வாகனப் பரிசோதகர் காரைப் பார்க்க வந்தபோது, கேபிளைக் கழற்றிப் பார்க்கும்படி கேட்டேன். அவர் கழற்றி என் கையில் தந்தார். கேபிள் மிகப் பழையது. இழைகள் அறுந்து உறைக்குள் மடிந்திருந்தன. பெடலை ஆழ மிதித்துக் கேபிளை நீள இழுத்தால் அவை உறையில் பிடித்துக்கொண்டு விடாது என்றும், என்ஜின் அப்படி இரையும்போது பிரேக்குக்கு உதவும் காற்றுறிஞ்சல் குறைந்து பிரேக் பெடல் இறுகிவிடும் என்றும் விளக்கினார்.

அன்றே முச்சக்கரவண்டியில் தனியே கொம்பனித்தெருவுக்குப் போனேன். ஸவாஹிர் எனக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்து, "மகன் வரல்லயா அன்ட்டி?" என்று கேட்டார்.

"இல்லை. நான் உம்மோடதான் கதைக்க வந்தனான். கேபிளை மாத்தினதோ?"

"நான் கட்டாயம் மாத்தோணும் எண்டுதான் சென்னேன் அன்ட்டி. புதுக் கேபிளும் எடுத்து வெச்சேன். மகன்தான் வாணாம் எண்டார். 'அம்மா அலுத்துப்போய்க் கார விட்டிடுவா, அப்பிடியே கழுவிக் குடுங்க' எண்டு செல்லினார். நாங்க மகன்ட பேச்சத்தானே கேக்கோணும்?"

"கார் ஆரின்ர பேரில இருக்கு?"

அவர் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். 

அதன் பின்னர் மகனை வீட்டுக்கு அழைத்துக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "ஓம், நான்தான் வேண்டாமெண்டனான். நேர சொன்னால் கேப்பீங்களோ? கார் கரைச்சல் குடுத்தால் நீங்களாவே விட்டிடுவீங்கள் எண்டு நினைச்சன். இப்பிடி வருமெண்டு ஆர் கண்டது?" என்றார். நான், "நீ பொலிசுக்குச் சிங்களத்தில சொல்லேக்கை உனக்கு உண்மை தெரியுந்தானே?" என்று கேட்டேன். அவர், "இப்ப அதை மாத்தினால் என்னையல்லோ அம்மா இழுப்பாங்கள்" என்றார். நான் கேட்டதற்கு அதுவே விடை என எடுத்துக்கொண்டேன்.

வினா: மகனுக்கு எதிராக முறைப்பாடு செய்கிறீர்களா?

விடை: கேபிளை மாற்றாமல் விட்டது என்மேல் உள்ள அக்கறையால் என்கிறார். இருக்கலாம். அதையும் எழுதவும். ஒரு மனிதனின் கால் முறிந்த பின்னும் அது என் காலின் பிழை என்று என்னையே நம்ப வைத்தது எந்த அக்கறை என்று எனக்கு விளங்கவில்லை. சட்டப்படி செய்யவேண்டியதைச் செய்யவும்.

வினா: சாரதி அனுமதிப்பத்திரத்தை ஒப்படைக்கச் சம்மதமா?

விடை: வயதுக்காக நீதிமன்றம் கேட்டால் கொடுப்பேன். பெடல் மாறி மிதித்தவள் என்று எழுதிக் கேட்டால் கொடுக்கமாட்டேன்.

வினா: மகன் வெளியே நிற்கிறார். உள்ளே அழைக்கவா?

விடை: வேண்டாம். தங்கை காத்திருப்பாள். ஒரு முச்சக்கரவண்டி பிடித்துத் தந்தால் போதும்.

நான் தமிழில் சொல்லச்சொல்ல எழுதப்பட்ட இதைக் கண்ணாடி போட்டு நானே வாசித்தேன். என் மகன் தவறுதலாகக் கேபிளை மாற்றாமல் விட்டார் என உத்தியோகத்தர் ஓரிடத்தில் எழுதியிருந்தார். அதில் 'தவறுதலாக' என்ற சொல்லை வெட்டச் செய்து, வெட்டிய இடத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். மற்ற யாவும் நான் சொன்னவை, உண்மையானவை.

(ஒப்பம்) ஜெ. ம. இராஜநாயகம்