சிவப்பு ஸ்டூல்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் முன்கால் ஒன்று கொஞ்சம் குட்டை. வந்ததிலிருந்து சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதக் குனியும்போதெல்லாம் டக்கென்று ஆடுகிறது. ஒரு காகிதத்தை மடித்து அடியில் வைத்தால் சரியாகிவிடும். தப்பாக நினைக்காதீர்கள், என் பிழைப்பே இதுதான். அடுத்தவர் செய்ததில் எங்கே ஆடுகிறது, எங்கே இடிக்கிறது என்று தேடிப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சினிமாவுக்குப் போனாலும் படத்தை விட்டுவிட்டுத் திரையின் ஓரத்துக் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னோடு படம் பார்க்க என் தம்பியைத் தவிர யாரும் வரமாட்டார்கள்.

'தூரக்கரை' ஏன் மூன்று முறை தள்ளிப்போனது என்று கேட்டுவரத்தான் வெளியீட்டு நிறுவனம் உங்களை அனுப்பியிருக்கிறது. சொல்கிறேன். ஆனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வரும்.

நீங்கள் வீடியோ கேம் விளையாடுகிறவர் மாதிரித் தெரியவில்லை, அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 'தூரக்கரை'யில் உங்கள் விண்கலம் உடைந்து, பேர் தெரியாத ஒரு கிரகத்தில் விழுந்து கிடப்பீர்கள். கல்லைப் பொறுக்கி, இரும்பை உருக்கி, பனிக்கட்டியிலிருந்து காற்றைப் பிரித்தெடுத்து, கலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீங்களே கட்ட வேண்டும். கட்டி முடித்தால் அடுத்த சூரியனுக்குப் போகலாம். அதற்கப்புறம் அடுத்தது. முடிவே கிடையாது. இந்த மாதிரி விளையாட்டை முழுதாக முடித்துவிட்டு யாரும் விற்பதில்லை. 'எர்லி ஆக்சஸ்' என்று சொல்லி, அரைவேக்காடாக இருக்கும்போதே, பொறுக்க மாட்டாதவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் விளையாடிக்கொண்டே குறை சொல்வார்கள், நாங்கள் திருத்திக்கொண்டே இருப்போம்.

அப்படி வாங்குகிறவர்கள் எதையும் மன்னிப்பார்கள். ஆள் சுவருக்குள் புகுந்து நடந்தால் சிரிப்பார்கள். மரம் தலைகீழாக நின்றால் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புவார்கள். ஒன்றை மட்டும் மன்னிக்க மாட்டார்கள். பாடுபட்டுக் கட்டிச் சேமித்து வைத்தது மறுநாள் திறக்கும்போது கெட்டுப்போயிருக்கக் கூடாது. அதனால் எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. சேமிப்பில் பிழையைப் பார்த்தவர் யாராக இருந்தாலும், தண்ணீர் கேன் பக்கத்தில் கிடக்கும் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கி எங்கள் தலைவரின் மேசைமேல் வைத்துவிடலாம். அது மேசைமேல் இருக்கிறவரை வெளியீடு கிடையாது. வைத்தவர்தான் எடுக்க வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. தலைவரே தொட மாட்டார். அந்த விதியைப் போட்டவரும் அவர்தான். அவரை நாங்கள் கேப்டன் என்போம். முதுகுக்குப் பின்னால் வேறு மாதிரியும் சொல்வோம், அன்போடுதான்.

இப்போது என் தம்பி. பெற்றவர்கள் போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவனை நான் துரை என்று கூப்பிடுவேன், அவனுக்கு எல்லாம் உட்கார்ந்த இடத்துக்கு வர வேண்டும் என்பதால். அவனுக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டுவரும் நோய். முதலில் கால் போயிற்று. சக்கர நாற்காலி வந்த அன்றைக்கு, "இனிமே செருப்புச் செலவு மிச்சம்ணா" என்றான். சிரித்தோம். பிறகு நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எங்கள் விளையாட்டைப் பற்றி நான் சொல்ல ஆரம்பித்ததிலிருந்து அவனுக்கு அதே பேச்சுதான். விண்கலத்துக்குள் எல்லாரும் மிதப்பார்கள். "அங்க யாருக்குமே கால் வேண்டாம் பாரு" என்பான். காகிதத்தில் கலத்தின் அறைகளை வரைந்து வைத்திருந்தான். எந்த அறையில் காற்றுக் குழாய் போகும், படுக்கை எங்கே, ஜன்னல் எந்தப் பக்கம் என்றெல்லாம். அண்ணனுக்கும் ஒரு அறை போட்டிருந்தான், சமையலறைக்குப் பக்கத்தில். ஏண்டா என்றேன். "பின்ன நானா சமைப்பேன்?" என்றான்.

முகமூடி வைத்து மூச்சுவிடுவது போதாமல் போன சமயத்தில், தொண்டையில் துளை போட்டு மெஷினோடு இணைக்க வேண்டும் என்றார் டாக்டர். துரை வேண்டாம் என்றான். குரல் போய்விடும், எச்சில் முழுங்க முடியாது, குழாய் விட்டுச் சளியை உறிஞ்சி உறிஞ்சி எடுக்க வேண்டும், அவனுக்கு எல்லாம் தெரியும். "போதும்ணா, இதோட நிறுத்திக்கலாம்" என்றான். நான் விடவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் அவன் இறங்கி வந்தான்.

"சரி, துளை போட்டுக்கறேன். தூரக்கரை வர்ற வரைக்கும் இருக்கேன். ஒரே ஒரு சூரியனைத் தாண்டிட்டேன்னா போதும். அதுக்கப்புறம் மெஷினைக் கழட்டச் சொன்னா கழட்டணும். கட்டாயப்படுத்தக் கூடாது. சத்தியம் பண்ணு."

அவன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அப்போது அந்தக் கைக்குத் திரும்பப் பிடிக்கிற தெம்பு இருந்தது.

மனமறிந்துதான் செய்தேன். விளையாட்டு வந்தால் அவன் மனசு மாறிவிடும் என்று நினைத்தேன். ஆனால் வெளியீட்டுத் தேதி நெருங்க நெருங்க, அவன் மாறவில்லை என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று. அவன் தன் சாமான்களை ஒதுங்க வைக்க ஆரம்பித்தான். இது இன்னாருக்கு, அது இன்னாருக்கு என்று உதட்டை அசைத்துச் சொல்வான். துளை போட்டபிறகு சத்தம் வராது. உதட்டைப் படிக்க நான் பழகிக்கொண்டேன், டாக்டருக்கே நான்தான் மொழிபெயர்ப்பாளன். தன் நீலச் சட்டையை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம், தனக்கு அதுதான் எடுப்பாக இருக்கிறது, போகும்போது போட்டுக்கொள்ள வேண்டும் என்றான்.

மறுநாள் ஆபீசுக்குப் போய் ஸ்டூலைத் தூக்கிக் கேப்டன் மேசைமேல் வைத்தேன்.

செய்தது சின்ன வேலை. சேமிப்பு என்பது உண்மையில் எண்களின் மூட்டைதான். அதில் ஒரு எண் கலத்துக்குள் இருக்கும் காற்று. என் கணினியில் அதைக் கையாலேயே பூஜ்யமாக மாற்றிவிட்டு, திறந்து காட்டினேன். கலம் இருந்தது, கட்டிய அறைகள் இருந்தன, உள்ளே ஆள் மட்டும் மூச்சுக்குத் தவித்து விழுந்தான். ஒரு சூரியனிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும்போது எப்போதாவது இப்படி ஆகிறது, எப்போது என்று சொல்ல முடியவில்லை என்றேன். பிழை தேடுகிற வேலையில் இருப்பவர் சொல்வதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பிழை இல்லை என்று நான் சொல்லியிருந்தால் வேண்டுமானால் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

அந்தச் சேமிப்புப் பகுதியை எழுதியவளை டீச்சர் என்போம், எதைக் கேட்டாலும் முதல் பாடத்திலிருந்து ஆரம்பிப்பாள். அவள் தேடினாள். என் கணினியையே வாங்கிக்கொண்டுபோய்த் தேடினாள். இல்லாததை எப்படிக் கண்டுபிடிக்க முடியும். மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். மிக அழகாக எழுதியிருந்தாள், இதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஸ்டூலை எடுத்தேன், புதுத் தேதி அறிவித்தார்கள். தேதி நெருங்கியது. நான் மறுபடியும் ஸ்டூலை வைத்தேன்.

அன்றைக்கு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்கு என்னமோ ஆயிடுச்சு சார். நான் எழுதினதை என்னாலயே நம்ப முடியல" என்றாள். நான் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். உங்கள் நிறுவனம் யாரையாவது பொறுப்பாக்கச் சொன்னபோது அவளைத்தான் வேலையைவிட்டு அனுப்பினார்கள். போகும்போது என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், என் வேலையைக் கஷ்டமாக்கிவிட்டாளாம். இப்போது அவள் இந்தத் தொழிலிலேயே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

முதல் தடவை தள்ளிப்போனபோது காத்திருந்தவர்கள் இணையத்தில் எங்களைக் கிழி கிழி என்று கிழித்தார்கள். ஒரே ஒருவர் மட்டும், 'அவசரப்படாதீங்க, நல்லா செய்யுங்க, நாங்க எங்கயும் போயிடப் போறதில்ல' என்று எழுதியிருந்தார். கேப்டன் அதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார். கண்ணில் தண்ணீர் விட்டார். இந்த ஒரு ஆளுக்காகவாவது முடிக்கணும் என்றார். எழுதியது துரை. ஒவ்வொரு எழுத்தாக, பாதி மதியம் செலவழித்து எழுதினான். நான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கேப்டனிடம் சொல்லவில்லை. அந்தத் தாளுக்குக் கீழேதான் என் மேசை.

துரைக்கு விரல்களும் போய்க்கொண்டிருந்தன. முதல் தேதியின்போது வலது கை முழுதாக இருந்தது. இரண்டாவதில் பெரிய பொத்தான்கள் வைத்த கருவியை அழுத்த இரண்டு விரல். "உங்க ஆளுங்ககிட்டக் கொஞ்சம் சீக்கிரம் முடிக்கச் சொல்லுண்ணா. கட்டைவிரலும் மக்கர் பண்ணுது" என்றான். சொல்கிறேன் என்றேன். தினமும் வெந்நீர் ஒற்றடம் கொடுத்து அந்தக் கட்டைவிரலை நீவிவிடுவேன். என்னை மாதிரிப் பார்த்துக்கொள்கிற அண்ணன் கிடைக்க மாட்டான் என்று நர்ஸ் சொல்வார்.

ஒருநாள் கேப்டன் அவனைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். வெறுங்கையோடு வரவில்லை, நல்ல மனிதர். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கப்பா. என் கைல இருந்தா எப்பவோ விட்டிருப்பேன். உங்கண்ணன் ஸ்டூலைப் போட்டு வச்சிருக்கார். அவரா எடுத்தாத்தான் உண்டு. அவ்வளவு நேர்மையான ஆளு."

துரை என் பக்கம் திரும்பினான். தலை திரும்பாது, கண்தான். நான் ஜன்னல் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தேன், அது ஒரு வளையத்திலிருந்து கழன்றிருந்தது. கிளம்பும்போது கேப்டன் வாசலில் என் சட்டைப் பையில் ஒரு பென்டிரைவைப் போட்டார். "பிழை இருந்தா இருந்துட்டுப் போகுது. தம்பி விளையாடட்டும். யார்கிட்டயும் சொல்லிக்காதே" என்றார்.

அன்றைக்குப் பிறகு துரை என்னிடம் தேதி கேட்கவில்லை. அதுவரை நான் கதவைத் திறந்தால் முதலில் அதைத்தான் கேட்பான். ஒருவழியாகப் பக்குவம் வந்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. வீடு கொஞ்சம் அமைதியாகிவிட்டது, அவ்வளவுதான்.

இடையில் எடுத்துவிட்டு மூன்றாவது தடவை ஸ்டூலை வைத்தபோது அவனுக்கு எந்த விரலும் இல்லை. விளையாட்டைக் கொடுத்திருந்தாலும் விளையாடியிருக்க முடியாது. அதனால் அந்தத் தடவை எனக்கு உறுத்தல் குறைவாகவே இருந்தது.

மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டியது. மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவன் போய்விட்டான்.

விடுப்பு முடிந்து போன அன்று காலையில் கேப்டனின் மேசையிலிருந்து ஸ்டூலை எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். சரியாயிடுச்சு என்றேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் யாருக்கும் அகப்படாத பிழை ஒரே காலையில் எப்படி மறைந்தது என்று நீங்கள் கேட்டீர்கள். இப்படித்தான். விளையாட்டு வெளியாயிற்று. எல்லாரும் காத்திருந்தது வீண்போகவில்லை என்று எழுதுகிறார்களாம்.

ஆகவே நேராகவே எழுதிக்கொள்ளுங்கள். 'தூரக்கரை'யில் அந்தப் பிழை ஒருநாளும் இருந்ததில்லை. மூன்று தடவையும் நான்தான் உண்டாக்கினேன். டீச்சரின் மேல் ஒரு தப்பும் இல்லை. அதை யாராவது அவளிடம் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும், நான் சொன்னால் சரியாக வராது. இதோ அந்தப் பென்டிரைவ். அன்றிலிருந்து சட்டை மாற்றிச் சட்டை, பையிலேயேதான் வைத்திருந்தேன். அவனுக்கு ஒற்றடம் கொடுக்கும்போதும் இருந்தது. அப்போது அவனுக்கு இன்னும் ஒரு கட்டைவிரல் இருந்தது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவன் காத்திருக்கும்வரை இருப்பான். இருக்கட்டுமே என்றுதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. உங்களுக்கு வேண்டாம் என்றால் அடித்துவிடுங்கள். கடைசி நாளன்று நான் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உதடு அசைந்தது. குனிந்து பார்த்தேன். தெளிவாகத்தான் சொன்னான்.

"ஸ்டூலை எடுத்துடுண்ணா."

"இன்னும் சரியாகலடா துரை. சரியானதும் முதல் வேலையா எடுத்துடறேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். நான் சொன்னதை அவன் நம்பிவிட்டான் என்றுதான் நினைக்கிறேன்.