வின்டர்ஹோம் மாளிகையின் பின்படிக்கட்டு

“பேயை ஒழிச்சது விஞ்ஞானமும் இல்ல, மதமும் இல்ல. ஜிப்சம் பலகை.”

இதைச் சொன்ன டெஸ்மண்ட், என் வகுப்புத் தோழி இமோஜெனின் சித்தப்பா. கட்டடக் கலைஞர். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் வின்டர்ஹோம் என்ற பழைய மாளிகையை ஃபிளாட்டுகளாக அறுத்தவர். நடன மண்டபத்தின் குறுக்கே அவர் எழுப்பிய சுவரால், கூரையில் இருந்த சுதைத் தேவதைக்குத் தலை ஒரு வீட்டுக்கும் கால் அடுத்த வீட்டுக்கும் போயின. இரு வீட்டாரும் பெருமையாகத்தான் காட்டுகிறார்கள்.

சரி, நெருங்கி உட்காருங்கள்.

டிசம்பர். மாலை நாலரை... அதற்குள் கும்மிருட்டு. இருபுறமும் புதர்வேலி உயர்ந்த ஒற்றைப் பாதை. எதிரே ஒரு விளக்கில்லை. டெஸ்மண்ட் தனியாகக் காரில் வருகிறார். மாளிகையின் மேல்மாடியில் கிறிஸ்துமஸ் விருந்து. அவர்தான் முக்கிய விருந்தாளி.

கீழ்க்கூடத்தில், தரைத்தள ஃபிளாட்டில் குடியிருக்கும் மிசஸ் பிரிட்சர்ட் மூக்கு இடிக்கச் சுவரைப் பார்த்து நிற்கிறார்.

“என்னம்மா, சுவர் ஏதாவது ரகசியம் சொல்லுதா?”

“ஹெஸ்டர் போறா தம்பி. திரும்பி நில்லுங்க.”

ஹெஸ்டர் அந்தக் காலத்து வேலைக்காரி. எஜமானர்கள் எதிரே வந்தால் வேலைக்காரர்கள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஒருநாள் கரிவாளியோடு வந்தவள் திரும்பவில்லை. நேராகப் பார்த்துவிட்டாள். வேலைக்காரர்களின் பின்படிக்கட்டில் தள்ளிப் பூட்டினார்கள். உறைபனி. விடிய விடியத் தட்டினாள்... மேலே நடனம். காலையில் அவளுக்கு உயிர் இல்லை. அப்புறம் அந்தக் குடும்பத்தில் மூன்று பேர் அதே படிக்கட்டில் விறைத்துக் கிடந்தார்கள்.

“இப்ப அவதான் எஜமானி” என்றார் மிசஸ் பிரிட்சர்ட்.

“படிக்கட்டையே மூடிட்டேன். இனி ஏணி வெச்சுத்தான் வரணும்.”

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் சட்டப்படி ஒரு படியைக்கூட இடிக்கக் கூடாது. அதனால் டெஸ்மண்ட் இடிக்கவில்லை. மாடிதோறும் அந்தப் படிக்கட்டின் வாசலை ஜிப்சம் பலகையடித்து மூடினார். கீழே மட்டும் ஒரு சின்னக் கதவு, ஆய்வாளர் வந்தால் காட்ட.

மிசஸ் பிரிட்சர்ட் தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போனார். டெஸ்மண்ட் தன் வேலையின் நேர்த்தியை ஒருமுறை ரசிக்கலாமென்று அந்தக் கதவைத் திறந்து நாலு படி ஏறினார்.

கதவு சாத்திக்கொண்டது. அறைந்து அல்ல... மெதுவாக. க்ளிக்.

போன் காரில். ஈரக் கம்பளி வாசனை. கரி வாசனை. எலும்புக்குள் இறங்கும் குளிர். தட்டினார்... கத்தினார்.

குடிவந்தவர்களிடம் அவரே முன்பு சொல்லியிருந்தார், சுவருக்குள் தட்டும் சத்தம் கேட்டால் அது வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் விரிவது என்று.

படிக்கட்டு வழியே, மேல்மாடிப் பலகைக்கு அப்பாலிருந்து விருந்தாளிகளின் பேச்சு கேட்டது.

“டெஸ்மண்ட் ஏன் இன்னும் வரல?”

“தெரியல. ஆனா அவரோட குழாய் இன்னைக்கு ரொம்பத்தான் விரியுது.”

சிரிப்பு. இசையைக் கூட்டினார்கள்.

விரல்கள் மரத்தன. விடியும்வரை தாங்க மாட்டோம் என்று டெஸ்மண்டுக்குப் புரிந்தது.

அப்போது மேல்படியில்... டொக். இரும்பு வாளியை வைக்கும் சத்தம். ஒரு படி இறங்கி... டொக். இன்னொரு படி.

டெஸ்மண்ட் மெதுவாகத் திரும்பி, சுவரில் நெற்றியைப் பதித்துக்கொண்டார்.

சத்தம் அவர் முதுகுக்குப் பின்னால் வந்தது. நின்றது.

போகவில்லை.

காலையில் தங்கை வீட்டிலிருந்து திரும்பிய மிசஸ் பிரிட்சர்ட், வாசலில் அவர் கார் அப்படியே நிற்பதைப் பார்த்து அந்தச் சின்னக் கதவைத் திறந்தபோது, டெஸ்மண்டுக்கு உயிர் இருந்தது. உதடு நீலம். அதே சுவர், அதே நிலை.

“போயிட்டாளாம்மா?”

டெஸ்மண்ட் ஓரக்கண்ணால் பார்த்தார்.

மிசஸ் பிரிட்சர்டும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.