அடைபட்ட வழியும் அனுமதி கேட்ட பெண்ணும்

அவையை அழகுற நடத்தும் தலைவர் அல்ஹாஜ் அப்துல் கபூர் அவர்களே, கல்முனைக் கரையின் கண்ணியத்துக்குரிய பெரியோர்களே, பிள்ளைகளை முன்வரிசையில் இருத்திவிட்டுப் பின்னால் நிற்கும் தாய்மார்களே, நாளை முதல் இம்மண்டபத்தில் கணினி வலையமைப்புப் பயிலவிருக்கும் இளையோர்களே, உங்கள் அனைவர் மீதும் சாந்தியும் சமாதானமும் நிலவட்டும். என் வழக்கப்படி வணக்கமும் உரித்தாகட்டும்.

நான் கனகரெத்தினம். நாவிதன்வெளியில் தமிழ் படிப்பிக்கிறேன். கேபிளைப் பற்றிக் கதைக்க இவனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். தகுதி இல்லை, காரணம் உண்டு. அந்தக் காரணத்தின் பெயர் தனஞ்சயன். என் தம்பி.

சென்ற விதைப்புக் காலத்தில், வரம்பேறிய உழவு இயந்திரம் கவிழ்ந்து அவன் தலையில் அடிபட்டது. இந்நகரின் தனியார் வைத்தியசாலை ஒன்றுக்குக் கொண்டு வந்தோம். ஸ்கேன் எடுத்தார்கள். சத்திரசிகிச்சை நிபுணரோ முற்றத்துக்கு அப்பால், அடுத்த கட்டடத்தில், வேறொருவரின் வயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தார். கையுறையோடு வெளியே வர முடியுமா? “படத்த அனுப்புங்க, பாத்த உடன ஆளக் கொண்டு வரலாம்” என்றார் தொலைபேசியில்.

படம் போகவில்லை. ஸ்கேன் அறைப் பொறுப்பாளர் பஸால் திரையைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் பேச்சுக் குழறியது. பிறகு குழறலும் நின்றது.

சீடியில் பதிந்து கொண்டு ஓடியிருக்கலாமே என்கிறார் பிள்ளைகளுக்குப் பின்னாலிருக்கும் ஐயா. ஓம் ஐயா, நானும் அதைத்தான் கேட்டேன். அடுத்த கட்டடத்துக் கணினியில் சீடி போடும் இடமே இல்லை.

அப்போதுதான் வந்தாள் நஸ்லா, அங்கே வலையமைப்பைப் பார்க்கும் பொறியியலாளர். சுவரிலிருந்த பெட்டியைத் திறந்தாள். இரு கட்டடங்களையும் நேரே இணைக்கும் புதிய பைபர் வழியின் விளக்கு பச்சையாக மின்னாமல் மஞ்சளாக நின்றது.

“நானா, புது வழி அடைபட்டுக் கிடக்கு. படமெல்லாம் பார்மசிக்குள்ளால சுத்திப் போகுது” என்றாள், அண்ணன் முறை வைத்துப் பஸாலிடம்.

ஏன் அடைபட்டது? யார் அடைத்தது? அவள் பின்னர் விளக்கியதை என் தமிழில் சொல்கிறேன். கேபிள்கள் வந்து கூடிப் பிரியும் பெட்டியைச் சுவிட்ச் என்பார்கள். ஸ்கேன் கட்டடத்தில் ஒரு சுவிட்ச், அடுத்த கட்டடத்தில் ஒன்று, பார்மசியில் பழையது ஒன்று. மூன்றும் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. எல்லா வழியும் திறந்திருந்தால், எல்லோருக்குமென அனுப்பும் ஒரு செய்தி சுற்றும். சுற்றிச் சுற்றிப் பெருகும். பெருகிப் பெருகி வலையையே முடக்கும். அதைத் தடுக்க ‘ஸ்பானிங் ட்ரீ’, அதாவது சுற்றில்லாத மரம், என்றொரு விதி. சுவிட்சுகள் தமக்குள் ஒன்றை வேராகத் தேர்ந்தெடுக்கும். வேருக்குச் செலவு குறைந்த வழியை ஒவ்வொன்றும் வைத்துக்கொள்ளும். சுற்றை உண்டாக்கும் மிச்ச வழி அடைபடும்.

வேராவது எது? முன்னுரிமை எண் சிறியது. அந்த எண்ணை ஒருவரும் இடாவிட்டால்? எல்லாம் சமம். சமமென்றால், தொழிற்சாலையில் பொறித்த இலக்கம் சிறியதே வேர். அந்த வைத்தியசாலையில் அது பார்மசியின் பழைய சுவிட்ச். இரு கட்டடமும் அதற்கு நேர்வழியை வைத்துக்கொண்டன. இடையிலிருந்த அகலப் பாதை அடைபட்டது. ஒரு ஸ்கேனின் நூற்றுக்கணக்கான படங்கள் பார்மசியின் ஒடுங்கிய பாதையில் நெருங்கி நின்றன.

“அந்தப் பழசக் கழட்டி எறிஞ்சா என்ன?” என்றார் பஸால்.

“கழட்டினா ரெத்த வங்கிக்குப் போற வழியும் அதோட போயிரும், நானா. ஒப்பரேஷனுக்கு ரெத்தம் வேணுமே. அடுத்த கட்டடத்துச் சுவிட்ச வேராக்கிறன். அதுக்கு முன்னுரிமை எண்ணச் சின்னதாக்கினாக் காணும்.”

மாற்றினாளா? இல்லை. தொலைபேசியை எடுத்தாள். மேல்மாடியின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்தாள். நான் கத்தினேன்.

“ஆரப் புள்ள கேக்கிறாய்? என்ர தம்பி சாகிறான்.”

“சேர், மாத்தக்குள்ள அர நிமிசமளவு இந்தக் கட்டடம் ஊமையாப் போயிரும். மேல இருக்கிற ஆக்கள்ர இதயத் துடிப்பு டொக்டர்ர திரைக்குப் போகாது. அவங்களும் ஆரோ ஒருத்தர்ர தம்பிமார்தானே.”

மறுமுனையில் தாதி செல்லத்தங்கம். “கொஞ்சம் பொறு தங்கச்சி, கட்டிலுக்கு ஒராளா நிப்பாட்டிட்டுச் சொல்றன்” என்றார்.

அந்தக் காத்திருப்பை எப்படிச் சொல்வேன்? தம்பியின் மூச்சு என் காதில் இடித்தது. நஸ்லாவின் விரல் அவளது மடிக்கணினி விசைக்கு மேலே நின்றது, இறங்கவில்லை.

“ஓம், இப்ப செய்” என்றார் செல்லத்தங்கம்.

விரல் இறங்கியது. எல்லாம் நின்றது. மஞ்சள் விளக்கு மஞ்சளாகவே இருந்தது. பஸால் வாய்க்குள் ஓதினார். நான் முருகனை அழைத்தேன். பின்பு விளக்கு பச்சையாகி மின்னத் தொடங்கியது. “படம் வந்திட்டு” என்றது அடுத்த கட்டடத்திலிருந்து தொலைபேசிக் குரல். கட்டிலை நாங்களே தள்ளிக்கொண்டு ஓடினோம்.

தம்பி பிழைத்தான். இடக்கையில் இன்னும் பலம் குறைவு. சட்டைப் பொத்தானை மனைவிதான் பூட்டிவிடுகிறாள். ஆனால் அவளோடு சண்டை பிடிக்க வாய் இருக்கிறது.

நாளை அந்த நஸ்லாவிடம் படிக்கப் போகும் பிள்ளைகளே, கேளுங்கள். வேர் எது என்று நீங்கள் சொல்லாவிட்டால், யாரும் கேட்காத ஓர் இலக்கம் சொல்லும். ஆகவே சொல்லுங்கள், துணிந்து சொல்லுங்கள். ஆனால் விசையை அழுத்துமுன், அந்தக் கேபிளின் மறுமுனையில் யார் படுத்திருக்கிறார் என்று கேளுங்கள். பக்கத்தில் என்னைப் போல் ஒருவன் நின்று கத்துவான். கத்தட்டும். நீங்கள் கேளுங்கள்.

பொறுமையோடு செவி தந்த உங்களுக்கும், மேடை தந்த தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இறைவன் உங்கள் வீடுகளுக்கு நலம் அருளட்டும். வணக்கம்.