தொட்டியைக் கழுவிய தலைமையாசிரியர்

நான் தாளைத் தலைகீழாகப் பிடித்திருப்பதைப் பார்த்தும் பாராதவர்போல் புன்னகைக்கும் அவைத் தலைவர் அவர்களே! என்னைவிட வயதில் மூத்தவர்களும் உண்டு என்று எனக்கு ஆறுதல் தந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையின் முகம் வாடினால் வெப்பமானி இல்லாமலே கண்டறியும் தாய்மார்களே! பள்ளிகளைத் தாங்கி நிற்கும் தலைமையாசிரியத் தோழர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

மேடை எனக்குப் பழக்கமில்லை. எழுதித்தான் வந்திருக்கிறேன். இனவெறியால் ஒரு பிள்ளையின் உடம்பு கெடும்போது பள்ளித் தலைமை செய்ய வேண்டியவை:

1. நோய்ப் பதிவேட்டைத் தலைமையாசிரியரே படிக்க வேண்டும்.
2. நோய் பிறக்கும் இடத்துக்கு நேரில் போக வேண்டும்.
3. பாதிக்கப்பட்ட பிள்ளை துணிந்து வாய்திறந்து சொல்லப் பழக்க வேண்டும்.
4. பிள்ளைகளுக்கு முன் பெரியவர்கள் மாற வேண்டும்.

நான்கே நான்கு! கை தட்டாதீர்கள் ஐயா, தட்டினால் எந்த வரியில் நிற்கிறேன் என்பது எனக்கு மறந்துவிடும்.

நான் பணியாற்றிய கடைசி ஆண்டு. எட்டாம் வகுப்பில் ஒரு பெண். வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். மற்ற பிள்ளைகளைவிடக் கறுத்த நிறம். ஓடினால் காற்று பின்தங்கும். பள்ளிக்கூடமே அவளை 'ராக்கெட்' என்று கூப்பிடும். அந்த ராக்கெட் பதினொரு மணிக்குத் தலைவலி என்பாள். இரண்டு மணிக்கு மயக்கம் என்பாள். மறுநாள் வயிற்றில் வலி என்பாள். நான்கு மாதத்தில் பதிவேட்டில் முப்பத்தொரு முறை!

நான் எதையும் முறைப்படி செய்யும் மனிதன். ஆராய்ந்தேன். தண்ணீரில்தான் கோளாறு என்று தீர்மானித்தேன். குடிநீர்த் தொட்டியைக் கழுவினேன். ஒருமுறையா? மூன்று முறை! காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நானே உள்ளே இறங்கினேன். சிரியுங்கள், சிரியுங்கள்! வழுக்கியும் விழுந்தேன்.

அப்போது எங்கள் பள்ளி நர்சம்மா கேட்டார்: "தொட்டி பளபளன்னு இருக்கு சார். அந்தப் பொண்ணு அதுலேர்ந்து ஒரு வாய் குடிக்கிறாளான்னு பாத்தீங்களா?"

"குடிக்காம எப்படிம்மா இருப்பா?"

"இருக்கா சார். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும்."

இடைவேளையில் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். ராக்கெட் குழாய் வரிசையில் வந்து நின்றாள். முன்னால் நின்ற பெண் திரும்பினாள். "குழாய நீ தொட்டா நாங்க சோப்புப் போட்டுக் கழுவணும். அதுக்குள்ள பெல் அடிச்சிரும். போடி அந்தப் பக்கம்!" இன்னொருத்தி சோப்புத் துண்டையே தூக்கிக் காட்டினாள். ராக்கெட் திரும்பி நடந்தாள். ஓடவில்லை அவையோரே, நடந்தாள்!

நான் என்ன செய்தேன்? ஆசிரியர் அறையில் போய்ச் சொன்னேன். "பசங்க விளையாட்டு சார், பெருசு பண்ணாதீங்க" என்றார் கணக்கு ஆசிரியர். நானும் பெரிதுபண்ணவில்லை. எனக்குச் சண்டை என்றால் பயம். அதிலிருந்து ஏழாம் நாள் ஓட்டத் திடலில் அவள் சுருண்டு விழுந்தாள். சிறுநீரகத்தில் தொற்று. நாள்முழுதும் தண்ணீர் குடிக்காததால் வந்தது என்றார் மருத்துவர்.

அவளைச் சேர்த்த மருத்துவமனையிலேயே அவள் தாய் துணி துவைப்பவர். ஈரக் கையோடு வந்து நின்றார். "வீட்டுக்கு வந்ததும் ஒரு குடம் குடிக்கிறா சார். ஏன்டி, ஸ்கூல்ல தண்ணி இல்லையான்னு கேட்டேன். இருக்கும்மா, எனக்குத்தான் இல்லன்னா. இனிமே நான் அனுப்பமாட்டேன்."

"பத்து நாள் டைம் குடும்மா."

"பத்து நாள்ல என்ன பண்ணுவீங்க?"

"தெரியலம்மா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியலன்னு சொன்ன முதல் வாத்தியார் நீங்கதான். சரி, பத்து நாள்."

ஆசிரியர் அறையில் எங்களுக்கென்று ஒரு தனிக் குடிநீர் இயந்திரம் இருந்தது. பிள்ளைகள் குடிக்கும் குழாயில் நாங்கள் வாய் நனைத்ததே இல்லை! பிரித்து வைக்கும் பாடத்தை முதலில் நடத்தியது யார்? நாங்கள்தான்! இயந்திரத்தைக் குழாயடிக்குத் தூக்கிப்போய் எல்லாருக்கும் பொதுவாக்கினேன். இனி ஆசிரியர்களும் பிள்ளைகளின் வரிசையில், பிள்ளைகளுக்குப் பின்னால். சோப்புப் போட்ட பிள்ளைகளின் பெற்றோரைத் தனித்தனியாக அழைத்தேன். ஒரு தந்தை, "சுத்தமா இருக்கச் சொன்னது தப்பா சார்?" என்றார். நர்சம்மா நோய்ப் பதிவேட்டின் அந்த முப்பத்தொரு வரிகளையும் உரக்கப் படித்துக் காட்டினார். பதினெட்டாவது வரியில், "போதும்மா, நானே பேசறேன் எம்பொண்ணுகிட்ட" என்றார் அவர்.

பத்தாம் நாள் ராக்கெட் வந்தாள்! வரிசையில் அவளுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் கணக்கு ஆசிரியர், அவருக்குப் பின்னால், பிந்தி வந்து சேர்ந்த அந்தச் சோப்புக்காரி. ராக்கெட் குடித்தாள். நான் குனிந்தேன், குழாயைக் கழுவாமல் குடித்தேன், பதற்றத்தில் புரையேறித் திரும்பி, குடித்ததை முழுதும் கணக்கு ஆசிரியரின் சட்டையில் துப்பினேன்! முதலில் சிரித்தவள் சோப்புக்காரி. அவள்மேல் ராக்கெட் ஒரு கை நீர் தெளித்தாள். அவள் திருப்பித் தெளித்தாள். பிறகு யார் நனையவில்லை? வாட்ச்மேன் நனைந்தார், மணி நனைந்தது, வருகைப் பதிவேடு நனைந்தது, நான் நனைந்து குளிர்ந்து குதித்தேன்! அந்த மாதம் முழுதும் நோய்ப் பதிவேட்டில் ராக்கெட்டின் பெயரே இல்லை.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி கூறி... என்ன, மூன்றாவது வரிசையில் கை தூக்குவது யார்? நர்சம்மாவா? சொல்லுங்கம்மா.

"மூணாவது பாயிண்ட் சார். பிள்ளை வாய்திறந்து சொல்லணும்னு எழுதியிருக்கீங்களே. அவ சொல்லாமலா இருந்தா?"

அவையோரே, இவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? தலையால் சொன்னாள். வயிற்றால் சொன்னாள். மயங்கி விழுந்து சொன்னாள். ஒவ்வொரு முறையும் மாத்திரை கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நான். பழக வேண்டியது அவள் வாயா, என் காதா? இரண்டு இரவு உட்கார்ந்து எழுதினேன், அப்போதும் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குக் கொடுத்த தாளில் மூன்றாவதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். அது தவறு. வணக்கம்.