'ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுத மறுத்தவர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் செய்தியாளர் சங்கத் தலைவர் அவர்களே, எங்கள் நாளிதழின் ஆசிரியர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்திருக்கும் அச்சகத் தோழர்களே, வாசலை அடைத்தாற்போல் நின்றுகொண்டிருக்கும், நான் இதுவரை பார்த்திராத நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்!

என் குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அழுகையால் மட்டும் வந்த நடுக்கம் இல்லை இது. எனக்குப் பயமாக இருக்கிறது. இரங்கல் கூட்டத்தில் இப்படித் தொடங்குவது முறையில்லைதான். ஆனால் யாருக்காகக் கூடியிருக்கிறோமோ, அவர் பயத்தை மறைக்கத் தெரியாதவர். மறைக்க விரும்பாதவர்.

மூத்த செய்தியாளர் நிதானம் அக்கா! நம் அலுவலகத்தில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லி அழைத்தவர் உண்டா? அச்சுக்குப் போகும் அவசரத்தில் நாமெல்லாம் வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டது போல் ஓடும்போது, "நிதானம், நிதானம். தப்பாப் போட்டுட்டு நாளைக்கு வருத்தம் தெரிவிக்கிறதுக்குப் பதிலா, இப்பவே ஒரு தடவை படிச்சிரலாம்" என்பார். அதுவே பெயராகிவிட்டது. நான் துணைச் செய்தி ஆசிரியர். அவருடைய மேசைக்கு அடுத்த மேசை என்னுடையது. அவர் எழுதியதை வெட்டுவது என் வேலை. வெட்ட விடாமல் சண்டை போடுவது அவர் வேலை!

நகராட்சித் தேர்தல் தள்ளிப்போடப்பட்டு, பிறகு மறுபடியும் தள்ளிப்போடப்பட்டு, பிறகு அதைப் பற்றிய பேச்சே இல்லாமல் போன காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போதுதான் அந்த மக்கள் நகராட்சிக் கட்டடத்துக்கு எதிரே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். தையல்காரர்கள், ஓய்வு பெற்ற செவிலியர்கள், பஸ் கண்டக்டர்கள், கைக்குழந்தையோடு பெண்கள். கோஷம் இல்லை. ஒலிபெருக்கி இல்லை. மடியில் ஒரு அட்டை. அட்டையில் ஒரே கேள்வி: 'தேர்தல் எப்போது?' சாயங்காலம் எழுந்து, உட்கார்ந்த இடத்தைப் பெருக்கிவிட்டுப் போவார்கள்.

எத்தனை பத்திரிகைகள் அதை எழுதின? எந்தத் தொலைக்காட்சி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது?

அக்கா வாரந்தோறும் போனார். வாரந்தோறும் எழுதினார். ஒரு வரிகூட வரவில்லை. ஒரு நாள் செய்திக் கூட்டத்தில் ஆசிரியர் கேட்டார். இங்கே இருக்கிறார், நான் கூட்டிக் குறைத்துச் சொன்னால் திருத்தட்டும்.

"அங்க என்னம்மா நடந்துச்சு?"

"உக்காந்திருந்தாங்க சார்."

"வேற?"

"எந்திரிச்சுப் போனாங்க."

"ஒண்ணும் நடக்கலன்னா நான் என்னத்தைப் போடறது?"

"அத்தனை பேரும் கோவத்தோட வந்து, வெயில்ல உக்காந்து, ஒரு கண்ணாடிகூட உடையாமப் பாத்துக்கிட்டுப் போறாங்க சார். அதுதான் நடந்துச்சு. அதைப் போடுங்க."

ஆசிரியர் சிரித்துவிட்டார். மறுநாள் செய்தி வந்தது. எப்படி வந்தது தெரியுமா? 'நகராட்சிச் சாலையில் நெரிசல்: வாகன ஓட்டிகள் அவதி!' அதைப் பார்த்துவிட்டு அக்கா என்னிடம், "பாருடி, கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்து, செருப்பு விடற இடத்துல கூட்டம்னு மட்டும் எழுதியிருக்கோம்" என்றார். இருவரும் சிரித்தோம். நாங்கள் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி.

அடுத்த வாரம் கண்ணாடி உடைந்தது.

எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கம்! நொறுங்கிய ஜன்னல் பெரிய படமாக! 'போராட்டத்தில் வன்முறை!' இத்தனை நாள் கண்ணுக்குத் தெரியாத மக்கள் ஒரே கல்லில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டார்கள், கலகக்காரர்களாக! அந்தக் கல்லை எறிந்தது யார்? உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. ஹெல்மெட் போட்ட சிலர் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள், எறிந்தார்கள், அதே வேனில் ஏறிப் போனார்கள். அக்கா பார்த்தார். எங்கள் புகைப்படக்காரர் படம் எடுத்தார்.

அக்கா அதை எழுதி ஆசிரியரிடம் கொடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அவர் படித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போடறேன். ஆனா உம்பேரு வேணாம்மா" என்றார்.

அக்காவின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. "பேரில்லாமப் போட்டா மொத்த ஆபீஸையும் தேடுவாங்க சார். எம்பேரைப் போட்டா என்னைய மட்டும்தான் தேடுவாங்க."

நண்பர்களே! இதற்கு மேல் ஒரு தோழமை உண்டா?

செய்தி வந்தது. படம் வந்தது. கல் எறிந்ததாகக் கைதாகி இருந்த தையல்காரர்களையும் கண்டக்டர்களையும் நீதிமன்றம் விடுவித்தபோது, நீதிபதியின் மேசையில் இருந்தது எங்கள் நாளிதழ். ஆசிரியர் அவர்களே, உங்களுக்கும் அதில் பங்கு உண்டு. அதை இந்த மேடையில் சொல்லாமல் போகமாட்டேன்.

அதன் பிறகுதான் அக்கா வீட்டெதிரே மோட்டார் சைக்கிள்கள் நிற்க ஆரம்பித்தன. போன் அடிக்கும். எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அக்கா அலுவலகத்தில் தன் நாற்காலியைச் சுவரை ஒட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டார். லிஃப்ட் கதவு திறந்தால் திடுக்கிடுவார். "எலி மாதிரி ஆயிட்டேன்டி" என்றார். "அப்ப போகாதீங்கக்கா, வேற யாராவது போகட்டும்" என்றேன். "யாரு போவா? நீ போறியா?" என்றார். உடனே அவரே என் தோளைத் தட்டி, "சும்மா கேட்டேன். பயமில்லன்னு எவளாவது சொன்னா மட்டும் நம்பாத" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கூட்டம் கலையும்வரை அங்கே இருந்துவிட்டு வந்து எழுதினார். கடைசி வாரம்வரை எழுதினார்.

இன்று இந்த இரங்கல் கூட்டம் தொடங்கும் முன் அக்காவின் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளைப் பத்தி நெறையப் பேசுங்க தங்கச்சி. அந்த வண்டியப் பத்தி மட்டும் வேணாம். உங்களுக்கும் குடும்பம் இருக்கு" என்றார்.

அண்ணா, என்னை மன்னிக்க வேண்டும்.

'சாலை விபத்தில் பெண் செய்தியாளர் பலி.' எல்லாப் பத்திரிகையும் இப்படித்தான் எழுதின. எங்கள் பத்திரிகையும்தான். அது கொலை என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதாதே என்று சொன்னவர் அவர். பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அன்று காலை அலுவலக மாடி ஜன்னலில் நின்றிருந்தேன். எதிர்ச் சாரியில் ஒரு வேன் என்ஜினை நிறுத்தாமல் நின்றிருந்தது. அதற்கு நம்பர் பிளேட் இல்லை. அக்கா இரு பக்கமும் பார்த்துத்தான் சாலையில் இறங்கினார். அவர் இறங்கிய பிறகுதான் அது கிளம்பியது. பிரேக் சத்தம் கேட்கவில்லை. அது நிற்கவில்லை.

இதைக் காவல் நிலையத்தில் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார். "மேடம், கண்ணாடி போட்டிருக்கீங்களே, மாடியிலேருந்து அவ்ளோ தெளிவாத் தெரிஞ்சுதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." பிறகு, மிகவும் மரியாதையாக, "ஆமா, உங்க வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

தலைவர் அவர்கள் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். நேரமாகிவிட்டதாம். தெரிகிறது ஐயா. உங்கள் பயமும் அந்த எழுத்திலேயே தெரிகிறது. முடித்துவிடுகிறேன்.

அன்புள்ளவர்களே! நிதானம் அக்காவுக்குப் படத்திறப்பு வேண்டாம், மலர்வளையம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வையுங்கள், நானும் வைக்கிறேன். ஆனால் நாளைக் காலை அந்த மக்கள் மறுபடியும் அங்கே வந்து உட்காரப் போகிறார்கள். எங்கள் அலுவலகத்தில் அந்தப் பணி யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. ஆசிரியர் அவர்களே, என்னைப் போடுங்கள். நான் போகிறேன். பார்த்ததை எழுதுவேன். என் பெயரோடு எழுதுவேன். இது அக்காவுக்கு நான் இந்தச் சபையில் கொடுக்கும் வாக்கு.

நாளைக்கு அங்கே போகப் போவதை வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "எப்பம்மா திரும்பி வருவே?" என்று மகள் கேட்டாள். "சாயங்காலம்" என்றேன். அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

வீரமாக ஏதாவது சொல்லி முடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், வாயில் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அக்கா விழுந்த அந்தச் சாலையை என்னால் தனியாகக் கடக்க முடியாது. யாராவது கூட வருகிறீர்களா?