ஹேரினுக்கு வந்த செய்திகள்

டிவியில் வரும் காதல் தொடர்களில் பதினான்காவது பகுதியைப் பார்க்காமலே தாண்டிவிடலாம், ஐயா. அதுவரை உயிராக இருந்த இருவர் அதில் காரணமே இல்லாமல் பிரிவார்கள். கடைசிப் பகுதியான பதினாறில் சேர்ந்துவிடுவார்கள். என் தங்கை ஹேரின் மட்டும் அதையும் ஒரு காட்சி விடாமல் பார்ப்பாள். பிரிந்தால்தான் சேர்வதில் ருசி என்பாள்.

போன வசந்தத்தில் அவளுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அம்மா போன பிறகு தேபெக் ஊர் வீட்டில் நாங்கள் இருவர்தான். பள்ளிச் சமையலறையில் வேலை முடித்து நான் திரும்பும்போது அவள் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள். கஞ்சி ஆறிக் கிடக்கும். மாத்திரை வைத்த இடத்தில் அப்படியே இருக்கும்.

அப்போதுதான் அந்தத் தொடர் ஆரம்பித்தது. தொக்பொக்கி என்ற காரமான அரிசிப் பலகாரம் விற்கும் கடைக்காரி ஒருத்தி, பெரிய கம்பெனி முதலாளியின் சிடுமூஞ்சி மகன் ஒருவன். முதல் நாளே அவன் காரம் தாங்காமல் அவள் கடையில் அழுகிறான். ஹேரின் சிரித்துவிட்டாள். நான்கு மாதத்தில் அவள் சிரித்தது அன்றுதான். அதற்காகவே எழுதியவருக்கு நன்றி சொல்வேன்.

எனக்கு அதில் ஒரே ஒரு குறை. கதாநாயகிக்கு ஒரு தோழி உண்டு. "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பதைத் தவிர அவளுக்கு வேலையே கிடையாது. அவளுக்கு வீடு உண்டா, காய்ச்சல் வருமா, யாரும் சொல்லவில்லை. ஹேரினிடம் இதைச் சொன்னேன்.

"அவளைப் பத்தி எதுக்குக்கா சொல்லணும்? கதை அவளோடது இல்லையே," என்றாள்.

தொடர் முடிந்ததும் அவள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ரசிகர்கள் பேசிக்கொள்ளும் இணையப் பக்கத்தில் யூன் சேஹா என்ற ஆணின் பெயரில் நான் ஹேரினுக்கு எழுத ஆரம்பித்தது அப்போதுதான். சேஹா கப்பலில் பொறியாளர், ஊர் புசான். கடலில் இருப்பதால் பேச முடியாது, செய்தி மட்டும் அனுப்புவார். மாத்திரை போட்டாயிற்றா என்று நான் கேட்டால் பதில் வராது. சேஹா கேட்டால் உடனே விழுங்கிவிட்டு, "போட்டுவிட்டேன்" என்று எழுதுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் எழுதுவேன்; அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்கும். காலையில் வந்து சேஹா என்ன எழுதினார் என்று என்னிடமே சொல்வாள். நானும் அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொள்வேன். அவள் உடம்பு தேறியது. மருத்துவரே ஆச்சரியப்பட்டார்.

இலையுதிர் காலத்தில் சலவைக்கடை தேசிக் வந்துபோக ஆரம்பித்தார். ஹேரினின் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தார். வீட்டைச் சூடாக்கும் எங்கள் பாய்லரைச் சரிசெய்தார். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, எனக்கு அழகாப் பேச வராது. சுன்சோன் நகரத்துல ஒரு கடை பாத்திருக்கேன், பெரிய ஆஸ்பத்திரியும் கிட்டத்துல இருக்கு. ஹேரினை நல்லா வச்சுக்குவேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். அவரிடம் நான் ஒரு குறையும் கண்டதில்லை. ஹேரினின் மனமும் அசைந்திருந்தது.

"தேசிக் வந்துட்டுப் போனா வீடே கதகதன்னு இருக்குக்கா."

"பாய்லர் சரியாயிடுச்சு இல்ல, அதான்," என்றேன்.

அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாருக்குக் கஞ்சி வைப்பது? அன்றே சேஹா எழுதினார்: முதல் பனி விழும் நாளில் வருகிறேன், ரயில் நின்றுபோன பழைய ஸ்டேஷனில் மதியம் ஒரு மணிக்குக் காத்திருங்கள், அதுவரை யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஏமாந்து திரும்பினால் ஆண்கள் மேலேயே அவளுக்கு நம்பிக்கை போய்விடும், என் மடியில் அழுதுவிட்டு என்னோடு இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அவளுடைய நல்லதுக்குத்தான்.

முதல் பனி ஒரு சனிக்கிழமை விழுந்தது. குளிரில் வெளியே நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதைக் காகிதத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியதே நான்தான். அவளுக்கு முன்னால் கிளம்பிப் போய் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த தேநீர்க்கடையில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். காத்திருப்பு அறை பூட்டியிருந்தது. அவள் நடைமேடை பெஞ்சில் பனியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். உதட்டில் சாயம் பூசியிருந்தாள்.

இரண்டு மணிக்கு எழுந்தாள். "வழியெல்லாம் பனி. இன்னும் கொஞ்சம்தான்," என்று அனுப்பினேன். போனைப் பார்த்துச் சிரித்தாள். உட்கார்ந்தாள். மூன்று மணிக்கு எழுந்தாள். அப்போதும் அனுப்பினேன். நான்கு மணிக்கு எழப் பார்த்து முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "ஊருக்குள் வந்துவிட்டேன்," என்று அனுப்பினேன்.

ஹேரினை அடக்கம் செய்த பிறகு அவள் போனிலிருந்த செய்திகளைப் படித்த தேசிக், இப்போது புசான் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக சேஹாவைத் தேடுகிறாராம். ஏன் வரவில்லை என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம். அவரைத் திரும்பி வரச் சொல்லுங்கள். அதற்காகத்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்ததாக உங்கள் உதவியாளரிடம் சொன்னேன். அது பொய். அவள் கையிலிருந்து போன் விழுந்ததைப் பார்த்தேன். பார்த்த பிறகும் இன்னொரு செய்தி அனுப்பினேன். பனியில் கிடந்த போன் ஒளிர்ந்து அணைந்தது. கடையைத் தாண்டினால் நாற்பது அடி. ஐந்து மணிவரை நான் எழவில்லை.

நான்கு மணி நேரம், ஐயா. எனக்காக யாரும் அத்தனை நேரம் காத்திருந்ததே இல்லை.